வானத்து வெண்கீற்று

(கழகத்தின் வெள்ளி விழாவில், இரண்டாம் நாள் மாலை அமர்வில் நிகழ்த்திய உரை)

 

'கல்வியின் பயன்' என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார்கள். இருபத்தைந்து ஆண்டுகளில் இம்மேடையில் அப்பொருள் பற்றிப் பலரும் பேசிவிட்டனர். நானே நான்கு முறை பேசியிருக்கிறேன். ஆகவே, அவர்களின் இசைவைப் பெற்று, இன்று ஒரு மேகத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். மேகத்திற்கும் கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவிற்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வியக்கலாம். தொடர்பு உண்டு. அதை இறுதியில் சொல்லுகிறேன்.

சில மாதங்களுக்கு முன், நம் கழகத்தின் மாலைப் படிப்பகத்தில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் தம்பி ஒருவன் என்னிடம் ஒரு வினாத் தொடுத்தான். "ஐயா, கருமேகம் வருகிறது, பெய்கிறது, போய்விடுகிறது. ஆனால் அதற்கெல்லாம் மேலே பஞ்சைப் பிரித்து இழுத்தாற்போல் ஒன்று கிடக்கிறதே! அது பெய்வதுமில்லை, போவதுமில்லை. அது என்ன?" என்று கேட்டான். அந்த வினா என்னை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பின்னோக்கி இழுத்துச் சென்றது.

நான் எட்டாம் வகுப்பில் படித்தபோது, ஓர் இரவு நிலவைச் சுற்றிப் பெரியதொரு வட்டம் இருப்பதைக் கண்டேன். 'அகல வட்டம் பகல் மழை' என்று என் பாட்டியார் சொன்னார். மறுநாள் வகுப்பில் எழுந்து, அந்த வட்டம் எதனால் உண்டாகிறது என்று ஆசிரியரைக் கேட்டேன். அவர் பெயரும் அப்பள்ளியின் பெயரும் இங்கு வேண்டா. "உங்கள் தெருவிலிருந்து வருகிறவனுக்கு நிலாவைப் பற்றி என்ன கவலை? சாணி அள்ளக் கீழே பார்த்து நடந்தால் போதும்" என்றார். வகுப்பு முழுவதும் சிரித்தது. நான் அமர்ந்தேன். அதன்பின் அந்த ஆண்டு முழுவதும் வகுப்பில் நான் ஒரு வினாவும் கேட்கவில்லை. அறிவியல் நமக்கு உரியதன்று என்று அன்றே முடிவு செய்தேன். கல்லூரியில் வரலாறு படித்தேன், பட்டம் பெற்றேன், ஆசிரியரானேன். இன்று உங்கள் முன் மேகத்தைப் பற்றிப் பேசுகிறவன் அறிவியல் பட்டதாரி அல்லன். தம்பி கேட்ட வினாவிற்கு விடை தேடி, இந்த வயதில் புத்தகங்களைப் புரட்டிக் கற்றவன். கற்றதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில், வரலாற்று ஆசிரியன் என்ற முறையில் ஒரு வரலாறு சொல்லுகிறேன்.

அந்த வெண்ணிற மேகத்தை ஆங்கிலத்தில் 'சிரஸ்' என்பர். இலத்தீன் மொழியில் அச்சொல்லுக்குச் சுருள்மயிர் என்பது பொருள். தமிழில் நாம் கீற்று முகில் என்கிறோம். அப்பெயரை இட்டவர் லூக் ஹோவர்டு என்னும் ஆங்கிலேயர். அவர் பேராசிரியர் அல்லர்; இலண்டனில் மருந்துப் பொருள்கள் செய்து விற்றவர். குவேக்கர் என்னும் சமயப் பிரிவைச் சேர்ந்தவர். அக்காலத்தில் இங்கிலாந்தின் அரசுத் திருச்சபையை ஏற்காதவர்கள் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகங்களில் பட்டம் பெற இயலாது. கதவு அடைக்கப்பட்டது என்பதற்காக அவர்கள் அறிவை விட்டுவிடவில்லை. இளைஞர் சிலர் 1796-ஆம் ஆண்டில் இலண்டனில் தாங்களே ஒரு சிறு படிப்புக் கழகத்தை அமைத்தனர். 'அஸ்கீசியன் கழகம்' என்பது அதன் பெயர். உறுப்பினர் ஒவ்வொருவரும் முறைவைத்து ஒரு கட்டுரை எழுதி வந்து படிக்க வேண்டும். தவறினால் தண்டம் கட்ட வேண்டும். 1802-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஹோவர்டின் முறை வந்தபோது, மேகங்களின் வகைகளைப் பற்றி அவர் ஒரு கட்டுரை படித்தார். கீற்று, திரள், படலம் என்று அவர் அன்று பிரித்த பிரிவே, சிற்சில விரிவுகளுடன், இன்றுவரை உலகெங்கும் வானிலை நிலையங்களில் வழங்கிவருகிறது. பல்கலைக் கழகத்திற்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் சிறு கழகத்தில் படிக்கப்பட்ட ஒரு கட்டுரையே உலகத்தின் மேகங்களுக்குப் பெயர் சூட்டியது. இதை நம் கழகத்தின் இளைஞர்கள் நினைவில் வைத்தல் வேண்டும்.

இனி மேகத்திற்கு வருவோம்.

பாம்பன் பாலத்தின் அருகில் நின்று நேர் மேலே ஏணி வைத்து ஏறுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். தரையில் வெப்பம் 30 டிகிரி செல்சியஸ். ஒவ்வொரு கிலோமீட்டர் ஏறும்போதும் வெப்பம் சராசரியாக 6 அல்லது 7 டிகிரி குறைந்துகொண்டே போகும். ஏறத்தாழ 5 கி.மீ. உயரத்தில் சுழிநிலை வந்துவிடும். 10 கி.மீ. உயரத்தில் சுழிக்குக் கீழ் 30 டிகிரிக்கும் மேலான குளிர். அங்கேதான் பெரிய ஆகாய விமானங்கள் பறக்கின்றன. அதற்கும் மேலே ஏறினால், 16 அல்லது 17 கி.மீ. உயரத்தில் சுழிக்குக் கீழ் 80 டிகிரி அளவிற்குக் குளிர் இருக்கும். எவரெஸ்டு சிகரத்தைப்போல் ஏறத்தாழ இருமடங்கு உயரம் அது. அதற்கு மேலே வெப்பம் குறைவது நின்று, மெல்லக் கூடத் தொடங்குகிறது. அந்த எல்லைக்குக் கீழே உள்ளது அடிவளி மண்டலம். மேலே உள்ளது படுகை மண்டலம்.

இதில் ஒரு வியப்பு உண்டு. துருவப் பகுதிகளில் இவ்வெல்லை 8 அல்லது 9 கி.மீ. உயரத்திலேயே வந்துவிடுகிறது. நம் வெப்ப மண்டலத்திலோ அது அதைப்போல் இருமடங்கு உயரத்தில் இருக்கிறது. சூடான கடலும் நிலமும் காற்றை மிக உயரத்திற்கு ஏற்றிவிடுகின்றன. ஏறும் காற்று விரிகிறது. விரியும் காற்று குளிர்கிறது. நெடுந்தூரம் ஏறுவதால் நெடுநேரம் குளிர்கிறது. ஆகவே, வெயில் கொளுத்தும் நம் இராமநாதபுரம் கரைக்கு மேலே, அந்த உயரத்தில், துருவ நாடுகளின் வானில் அதே உயரத்தில் இருப்பதைவிடக் கடுமையான குளிர் பெரும்பாலும் நிலவுகிறது. காலில் சுடுமணல், தலைக்கு மேலே பனிக்கட்டி!

கீற்று முகில் அந்தக் குளிரில் வாழ்வது. அதில் நீர்த்துளி இல்லை; உள்ளவை அனைத்தும் நுண்ணிய பனிப்படிகங்களே. அவை பெரும்பாலும் ஆறு பக்கங்கள் கொண்ட தட்டுகளாகவும் தூண்களாகவும் அமைகின்றன. அந்த அறுபக்கப் படிகங்களின் வழியே நிலவொளி புகுந்து வளையும்போது, நிலவிலிருந்து 22 டிகிரி தொலைவில் ஒரு வட்டம் தோன்றுகிறது. கையை நன்றாக நீட்டி, விரல்களை அகல விரித்து, கட்டை விரலின் நுனியை நிலவின்மேல் வைத்தால், சுண்டு விரலின் நுனி ஏறத்தாழ அவ்வட்டத்தைத் தொடும். என் பாட்டியார் கண்ட அகல வட்டம் இதுவே. எட்டாம் வகுப்பில் எனக்குக் கிடைத்திருக்க வேண்டிய விடையும் இதுவே. இதைச் சொல்ல எத்தனை நிமிடங்கள் ஆயின என்று எண்ணிப் பாருங்கள்.

இம்முகில் எவ்வாறு உண்டாகிறது? இரண்டு வழிகளில் உண்டாகிறது என்பர்.

முதல் வழி, இடிமேகத்தின் வழி. வங்கக் கடலின்மேல் எழும் பெரிய இடிமேகங்கள் சில வேளைகளில் 15 கி.மீ. உயரத்தையும் தாண்டி வளர்கின்றன. மேலே உள்ள எல்லையைத் தொட்டதும், அதற்குமேல் எளிதில் ஏற இயலாமல், கொல்லன் பட்டடையின் தலைபோலப் பக்கவாட்டில் பரவுகின்றன. கீழே மழை பெய்து தீர்ந்துவிடும். இடிமேகத்தின் உடல் கலைந்துவிடும். ஆனால் மேலே பரவிய பனித்தகடு மட்டும் காற்றோடு நெடுந்தொலைவு மிதந்து செல்லும்.

அந்தக் காற்றைப் பற்றி நம் ஊர் இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை நம் கரையில் கச்சான் காற்று மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வீசுவதைக் கடலுக்குச் செல்வோர் அறிவர். அதே மாதங்களில், 14 முதல் 16 கி.மீ. உயரத்தில், நேர் எதிராகக் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி ஒரு பெருங்காற்று தென்னிந்தியாவைக் கடந்து ஓடுகிறது. அதன் விரைவு மணிக்கு 100 கி.மீ.க்கும் மேல். இதனை வெப்ப மண்டலக் கீழைத் தாரைக் காற்று என்பர். இந்திய வானிலைத் துறையின் அறிவியலறிஞரும், பின்னாளில் அத்துறையின் தலைமைப் பொறுப்பை வகித்தவருமாகிய பி. கோடேஸ்வரம், 1958-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இதனை விரிவாக விளக்கினார். அந்த மாதங்களில் நம் ஊரில் மழை அரிது. ஆயினும் வங்கக் கடலின்மேல் பெய்த இடிமழையின் பனித்தகடு இந்தத் தாரைக் காற்றில் ஏறி நம் தலைக்கு மேலே வந்துவிடுகிறது. மழை அங்கே; மழையின் மேலாடை இங்கே. தாழ்ந்த மேகங்கள் வடகிழக்கு நோக்கி ஓடும்போது, உயரக் கீற்றுகள் மேற்கு நோக்கி நகர்வதை ஆடி மாதத்தில் நீங்களே காணலாம்.

"அது போவதுமில்லை" என்று தம்பி சொன்னான். உண்மையில் அது போகிறது; உயரம் மிகுதியாதலால் போவது தெரியவில்லை. 1 கி.மீ. உயரத்தில் மணிக்கு 36 கி.மீ. விரைவில் செல்லும் மேகத்தையும், 15 கி.மீ. உயரத்தில் மணிக்கு 108 கி.மீ. விரைவில் செல்லும் கீற்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கீற்றின் விரைவு மும்மடங்கு. ஆயினும் நம் கண்ணுக்கு அது ஐந்திலொரு பங்கு விரைவாகவே தோன்றும். மிக உயரத்தில் செல்வது மெல்லச் செல்வதாகக் கீழே நிற்பவர்க்குத் தோன்றுவது இயல்பு.

இரண்டாம் வழி, அங்கேயே பிறக்கும் வழி. இடிமேகம் ஏதும் இல்லாமலேயே, அந்த உயரத்துக் காற்று மெல்ல மெல்ல மேலெழும்போதும், வளிமண்டலத்தில் ஓடும் அலைகளால் மேலும் கீழும் அசைக்கப்படும்போதும், குளிர்ந்து, அதிலுள்ள நீராவி பனியாகப் படிகிறது. அங்கே நீராவி மிகச் சொற்பம். நம் கடற்கரையில் ஒரு கிலோ காற்றில் ஏறத்தாழ 20 கிராம் நீராவி இருக்குமானால், அங்கே ஒரு கிலோ காற்றில் இருப்பது சில மில்லிகிராமே. அச்சிறு அளவைக் கொண்டே அம்முகில் நூற்றுக்கணக்கான, சில வேளைகளில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட கிலோமீட்டர் பரப்பில் விரிகிறது.

நீர் சுழி டிகிரியில் உறைந்துவிடும் என்று பாடநூலில் படித்திருக்கிறோம். குடத்து நீருக்கு அது பொருந்தும். ஆனால் தூய நுண்துளி அவ்வளவு எளிதில் உறைவதில்லை. உறைவதற்கு அதற்கு ஒரு தொடக்கம், ஒரு கரு வேண்டும். கரு இல்லையாயின், சுழிக்குக் கீழ் ஏறத்தாழ 38 டிகிரி வரையிலும் நீராகவே நிற்கும். உயர வானத்தில் மிதப்பவை கந்தக அமிலம் கலந்த நுண்துளிகள். அவை உறைவதற்கு இன்னும் கூடுதலான நிலை வேண்டும். பனியைப் பொறுத்தமட்டில் காற்று தாங்கக்கூடிய நீராவியைப்போல் ஒன்றரை மடங்கு அல்லது அதற்கும் மேல் செறிந்தால்தான் அவை தாமாக உறையும். இதனை மீத்தெவிட்டல் என்பர். ஆனால் பாலை நிலத்துத் தூசி போன்ற திண்பொருள் ஒன்று அங்கிருந்தால், அதைப் பற்றிக்கொண்டு முன்னதாகவே படிகம் தோன்றிவிடும்.

இதை விளக்க அயல்நாட்டு ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. நம்மில் எத்தனையோ குடும்பங்கள் உப்பளத்தில் உழைத்தவை. வாலிநோக்கம் உப்பளத்தை அறியாதவர் இங்கு இல்லை. பாத்தியில் கடல்நீரைப் பாய்ச்சியவுடன் உப்பு விளைந்துவிடுகிறதா? இல்லை. நீர் வற்றி வற்றிச் செறிய வேண்டும்; மானி ஏறத்தாழ 25 டிகிரி காட்டும்போதுதான் உப்புப் பூக்கத் தொடங்குகிறது. அப்போதும் அது பாத்தி முழுவதும் ஒருங்கே தோன்றுவதில்லை. ஓரத்திலோ, தரையில் கிடக்கும் துகளின் மேலோ முதற் பொடி தோன்றும். பின் அதைப் பற்றி மற்றவை வளரும். வெயிலில் நின்று உப்பு வாரிய நம் தாய்மார்கள் நாள்தோறும் கண்ட காட்சிதான் 16 கி.மீ. உயரத்திலும் நிகழ்கிறது. செறிவு வேண்டும், கரு வேண்டும், காலம் வேண்டும். நுண்துளியைப் பனியாக்கும் விதி, பாத்தியில் உப்பை விளைவிக்கும் விதிக்கு உறவுடையதே.

அடுத்து, அது ஏன் உடனே கலைந்துவிடுவதில்லை? காரணங்கள் பல, முதன்மையானவற்றைச் சொல்லுகிறேன்.

ஒன்று, படிகங்களின் சிறுமை. 2 மில்லிமீட்டர் மழைத்துளி வினாடிக்கு 6 மீட்டருக்கும் மேலான விரைவில் விழுகிறது. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுள்ள பனிப்படிகமோ வினாடிக்கு அரை சென்டிமீட்டர்கூட இறங்குவதில்லை. 1 கி.மீ. இறங்க அதற்கு இரண்டு நாட்களுக்கு மேல் ஆகும். அதற்குள் மெல்ல மேலெழும் காற்று அதனைத் தாங்கிக்கொள்கிறது.

இரண்டு, குளிரின் கடுமை. அக்குளிரில் பனி பதங்கமாகி ஆவியாவது மிக மெதுவாகவே நிகழ்கிறது. சுற்றியுள்ள காற்றும் பல வேளைகளில் தெவிட்டிய நிலையிலோ, அதற்கு அண்மையிலோ இருப்பதால், படிகம் கரைய இடமில்லை.

மூன்று, கீழிருந்து வரும் வெப்பம். மன்னார் வளைகுடாவும் வங்கக் கடலும் 28, 29 டிகிரி வெப்பத்துடன் இரவும் பகலும் அகச்சிவப்புக் கதிர்களை மேலே அனுப்புகின்றன. குளிர்ந்த முகில் அவற்றின் ஒரு பகுதியை உறிஞ்சிச் சிறிது சூடேறுகிறது. சூடேறிய படலம் மெல்ல எழுகிறது. எழுவதால் மீண்டும் குளிர்கிறது. குளிர்வதால் புதிய பனி படிகிறது. சூடு மிகுந்தால் முகில் கரையவும் கூடும். ஆகவே இது கத்திமுனை போன்ற சமநிலை. இருப்பினும் அச்சமநிலை அமையும்போது முகில் பல மணி நேரம், சில வேளைகளில் நாட்கணக்கில்கூட நிலைத்து நிற்கிறது.

நான்கு, புதுப்பித்தல். இன்று காலை கண்ட முகிலில் இருந்த படிகங்கள் அனைத்தும் மாலையில் இருப்பதில்லை. பெருத்தவை கீழே இறங்கி, வறண்ட காற்றில் மறைந்துவிடுகின்றன. வால்போல் தொங்கும் இழைகள் அவ்வாறு இறங்குபவையே. அவற்றின் இடத்தில் புதியவை தோன்றுகின்றன. படிகம் நிலையாதது, முகில் நிலைக்கிறது.

இவற்றையெல்லாம் அறிந்தது எவ்வாறு? நம் அண்டை மாநிலமாகிய ஆந்திரத்தில், திருப்பதிக்கு அருகில் காடங்கி என்னும் ஊரில் தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே 1998-ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டின் ஒத்துழைப்போடு லைடார் என்னும் கருவி நிறுவப்பட்டது. இரவில் அது பச்சை நிற லேசர் ஒளியை நேர் மேலே துடிப்புத் துடிப்பாக அனுப்பும். முகிலில் பட்டுத் திரும்பும் ஒளித்துளிகளை ஒரு தொலைநோக்கி வாங்கிக்கொள்ளும். 15 கி.மீ. சென்று திரும்ப ஒளிக்கு ஆகும் நேரம் ஒரு வினாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அந்நேரத்தை அளந்தால் உயரம் கிடைக்கும். திரும்பிய ஒளியின் அதிர்வுத் திசை மாறியிருக்கிறதா என்று பார்த்தால், பட்டது உருண்டையான நீர்த்துளியா, கோணமுள்ள பனிப்படிகமா என்பதும் விளங்கும்.

பல ஆண்டுகள் அளந்ததில், அங்கே கீற்று முகில்கள் 14, 15 கி.மீ. உயரத்தில் மிகுதியாக இருப்பதும், அவற்றுள் பல நம் கண்ணுக்கே தெரியாதவை என்பதும் தெளிவாயின. தம்மைக் கடக்கும் ஒளியில் நூற்றுக்கு மூன்று பங்கைக்கூடத் தடுக்காத மெல்லிய முகில்கள் அவை. துல்லியமான நீல வானம் என்று நாம் எண்ணும் நாளிலும் மேலே ஒரு பனித்திரை விரிந்திருக்கலாம். அமெரிக்க நாடும் பிரெஞ்சு நாடும் சேர்ந்து 2006-இல் ஏவிய கலிப்சோ என்னும் துணைக்கோள், 2023 வரை இதே முறையில் உலகம் முழுவதையும் மேலிருந்து அளந்தது.

இம்முகிலால் நமக்கு என்ன என்று சிலர் கேட்கலாம். மூன்று சொல்லுகிறேன்.

மெல்லிய கீற்று முகில் சூரிய ஒளியைப் பெரிதும் உள்ளே விடுகிறது. பூமியிலிருந்து வெளியேறும் வெப்பத்தையோ ஓரளவு தடுத்துவிடுகிறது. ஆகவே அது பூமிக்கு ஒரு போர்வை. இடிமேகத்தின் தடித்த பனித்தகடோ ஒளியைத் திருப்பியும் அனுப்புகிறது. உலகம் வெப்பமடையும்போது இவை எவ்வளவு கூடும், எவ்வளவு குறையும் என்பது இன்றைய அறிவியலின் கடினமான வினாக்களுள் ஒன்று. அதற்கு விடை காணும் பணியில் நம் பிள்ளைகளுக்கும் இடமுண்டு.

இரண்டாவதாக, படுகை மண்டலத்திற்குக் காற்று ஏறிச்செல்லும் வாயில் வெப்ப மண்டலமே. அவ்வாயிலில் உள்ள கடுங்குளிரில் ஈரம் பனியாக உதிர்ந்துவிடுவதால் மேலே செல்லும் காற்று மிக வறண்டதாகிறது. 1949-ஆம் ஆண்டில் பிரூவர் என்னும் ஆங்கில அறிஞர், மேலே காணப்பட்ட வறட்சியைக் கொண்டே காற்று இவ்வழியே ஏறுகிறது என்று உய்த்துணர்ந்தார்.

மூன்றாவது, நமக்கு மிக அண்மையானது. புயலின் நடுவில் ஏறும் காற்று உச்சியில் நாற்புறமும் பரவும்போது, கீற்று முகில் புயலுக்குப் பல நூறு கிலோமீட்டர் முன்னதாகவே வந்து நிற்கும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் ஒரே திசையிலிருந்து விசிறிபோல் கீற்றுகள் விரிந்து, பின் வானம் பால்போல் மங்குமானால், நம் மூதாதையர் வலையைச் சுருட்டினர். ஒவ்வொரு வட்டமும் மழையைக் கொணர்வதில்லை. ஒவ்வொரு கீற்றும் புயலைக் கொணர்வதில்லை. இன்று வானிலை மையத்தின் அறிவிப்பும், பாம்பன் துறைமுகத்தில் ஏற்றப்படும் எச்சரிக்கைக் கூண்டுமே நாம் நம்பத்தக்கவை. ஆனால் அந்த அறிவிப்பு எல்லாருக்கும் வந்து சேர வேண்டும்.

1964-ஆம் ஆண்டு டிசம்பர் 17-இல் தெற்கு அந்தமான் கடலில் தோன்றிய தாழ்வு மண்டலம் புயலாக வளர்ந்து, இலங்கையைக் கடந்து, 22-ஆம் நாள் இரவு தனுஷ்கோடியை அழித்தது. நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளுடன் வந்த இரயில் வண்டியைக் கடல் கொண்டுபோயிற்று. என் தாயார் அப்போது மண்டபத்திற்கு அருகில் கூலி வேலைக்குச் சென்றிருந்த இளம்பெண். "எங்கள் தெருவில் வானொலி கிடையாது; பெரிய தெருவில் இருந்தது; அங்கு போய் நின்று கேட்க எங்களுக்கு உரிமை கிடையாது; காற்று வந்த பிறகே புயல் என்று அறிந்தோம்" என்று அவர் சொல்வார். அறிவு ஒரு தெருவில் தங்கி மறு தெருவிற்கு வராமற்போனால் என்ன நேரும் என்பதை நான் நூலில் கற்கவில்லை. என் தாயாரிடம் கற்றேன்.

இப்போது நான் ஒரு தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டும். என்னை ஓர் ஆசிரியர் அமரச் சொன்ன கதையைச் சொன்னேன். நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்ல வேண்டுமல்லவா? ஆறு ஆண்டுகளுக்கு முன், பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்ற நம் தெருப் பெண் ஒருத்தி, மேல்நிலையில் அறிவியல் பிரிவில் சேர விரும்புவதாக என்னிடம் வந்து சொன்னாள். "அது கடினம் அம்மா, செலவும் மிகுதி, கலைப் பிரிவில் சேர்ந்துகொள், எளிதில் தேறலாம்" என்று அறிவுரை கூறினேன். அன்போடுதான் கூறினேன். அவள் என் சொல்லைத் தட்டவில்லை. பிளஸ் டூ முடித்து, இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறாள். அந்த ஆசிரியர் இகழ்ச்சியால் அடைத்த கதவை நான் இரக்கத்தால் அடைத்தேன். கதவு அடைபட்டது என்னவோ ஒன்றுதான். மேகத்தைப் பற்றி வினாத் தொடுத்த தம்பி அவளுடைய உடன்பிறந்தவன். அவன் கேட்டபோது என் நெஞ்சு ஏன் பதறியது என்பது இப்போது உங்களுக்கு விளங்கும்.

ஆகவே கழகப் பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். வெள்ளி விழா நிதியில் மிஞ்சுவதைக் கொண்டு நுழைவாயிலில் ஓர் அலங்கார வளைவு கட்டலாம் என்று பேச்சு இருக்கிறது. வளைவு அழகுதான், நான் மறுக்கவில்லை. ஆயினும் அதற்கு முன், நம் படிப்பகத்திற்கு ஒரு மழைமானி, உயர்வு தாழ்வு காட்டும் ஒரு வெப்பமானி, ஓர் இருகண் தொலைநோக்கி, ஓர் அலமாரி நிறைய அறிவியல் நூல்கள் ஆகியவற்றை வாங்குங்கள். மேல்நிலையில் அறிவியல் எடுக்கும் பிள்ளைகளுக்கு வாரம் இருநாள் பாடம் சொல்ல ஒருவரை அமர்த்துங்கள். அதற்கு என் ஒரு மாதச் சம்பளத்தை இம்மேடையிலேயே அளிக்கிறேன்.

தம்பி தங்கையரே, உங்களுக்கும் ஒரு வேலை தருகிறேன். ஆளுக்கொரு குறிப்பேடு எடுத்துக்கொள்ளுங்கள். நாள்தோறும் மாலை ஆறு மணிக்கு வானத்தைப் பாருங்கள். கீற்று உண்டா இல்லையா, எத்திசையிலிருந்து எத்திசைக்கு, கீழ்மேகம் எத்திசைக்கு, நிலவுக்கு வட்டம் உண்டா, மறுநாள் மழை உண்டா என்று எழுதுங்கள். ஓராண்டு எழுதினால், 'அகல வட்டம் பகல் மழை' என்னும் பழமொழி நம் ஊரில் நூற்றுக்கு எத்தனை முறை பலிக்கிறது என்பதை நீங்களே சொல்லலாம். அது வேறு எவரும் உங்களுக்குச் சொல்லித் தர இயலாத, நீங்களே விளைவித்த அறிவாக இருக்கும். அடுத்த ஆண்டு விழாவில், அஸ்கீசியன் கழகத்தில் ஹோவர்டு படித்ததுபோல், உங்களில் ஒருவர் அக்கட்டுரையை இம்மேடையில் படிக்க வேண்டும். தவறினால் தண்டம் உண்டு!

கண்மாய்க் கரைக் கொட்டகையில் அரிக்கேன் விளக்கொளியில் தொடங்கிய கழகம் இது. அன்று பாய் விரித்து அமர்ந்த பிள்ளைகள் இன்று ஊர் ஊராகப் பணியில் இருக்கின்றனர். கற்பித்தவர்களுள் சிலர் இன்று நம்மிடையே இல்லை. ஆள்கள் மாறினர், புதியவர் வந்தனர், கழகம் நிற்கிறது. மேகத்திற்கும் இவ்விழாவிற்கும் தொடர்பு உண்டு என்று தொடக்கத்தில் சொன்னேனே, அது இதுதான். கீழே பார்த்து நட என்று சொல்லப்பட்ட ஒரு மக்களின் பிள்ளை மேலே பார்த்து, "அது என்ன?" என்று கேட்டிருக்கிறான். அவனை அமரச் சொல்லாதீர்கள்.